மறதி எந்த இடத்தில் நடக்கிறது? அன்றாட ஓர்மைக்கு உதவும் எளிய மனப்பயிற்சிகள்

"ஒண்ணும் ஓர்மையில நிக்க மாட்டேங்கு" என்ற பேச்சு குமரி மாவட்டத்து வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. ஓர்மை என்றால் நினைவு. சாவி வைத்த இடம் மறந்துபோகிறது. கடைக்குப் போய் நின்றால் வாங்க வந்தது நினைவுக்கு வருவதில்லை. நன்றாகத் தெரிந்த முகத்துக்குப் பெயர் வர மறுக்கிறது. உடனே, இது டிமென்ஷியா எனப்படும் மறதி நோயின் தொடக்கமோ என்று பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்தை நம்பியே நினைவாற்றல் மாத்திரைகளும், மூளைக்கான மொபைல் விளையாட்டுகளும், தேர்வுக்கு முன் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லும் மெமரி வகுப்புகளும் விற்பனைக்கு வருகின்றன. இதில் எதை நம்புவது?

மறதி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் வெவ்வேறு இடங்களில் நடக்கும் வெவ்வேறு தவறுகள். தவறு எந்த இடத்தில் நடந்தது என்று பார்த்தால்தான் எந்தப் பயிற்சி உதவும் என்று சொல்ல முடியும். எல்லா மறதிக்கும் சேர்த்து ஒரே பயிற்சி கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

நினைவின் மூன்று படிகள்

1. பதிதல்: கண்ணும் காதும் கொண்டுவரும் செய்தியில் நாம் கவனம் வைத்த பகுதி மட்டும் உள்ளே போவது.

2. தங்குதல்: உள்ளே போனது சில மணி நேரத்திலும், அப்புறம் தூக்கத்திலும் உறுதிப்படுவது.

3. எடுத்தல்: வேண்டிய நேரத்தில் அது வெளியே வருவது.

இந்தப் படிகள் தனித்தனியானவை என்பதை மருத்துவ உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூளையின் இருபுறமும் உள்ள ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அவரால் எதிரே இருப்பவரிடம் சாதாரணமாகப் பேச முடிந்தது. சிறுவயது நினைவுகளும் இருந்தன. ஆனால் புதிதாக நடந்த எதுவும் நினைவில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்த் திரும்பி வந்தால், அவரை முதல் முறை பார்ப்பவராகவே மொலேசன் நடந்துகொண்டார். 2008இல் இறக்கும்வரை இதே நிலைதான்.

இன்னொரு அளவும் தெரிந்திருக்க வேண்டும். அந்தந்த நொடியில் மனதில் பிடித்து வைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் அதை ஏழு செய்தித் துண்டுகள், இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்று கணக்கிட்டார். 2001இல் நெல்சன் கோவன் அதை இன்னும் குறைத்து, ஏறக்குறைய நான்கு துண்டுகள்தான் என்றார். ஆக, ஒன்பது சாமான்களை வாயாலேயே சொல்லியனுப்பினால் கடைக்குப் போனவர் மூன்று நான்கை விட்டுவிட்டு வருவது இயல்பு. அதற்கு அவரைத் திட்ட வேண்டியதில்லை.

பதியாததை எப்படி எடுப்பது?

வீட்டைப் பூட்டினோமா, கேஸை அணைத்தோமா என்ற சந்தேகம் பேருந்தில் ஏறிய பிறகு வருகிறது. இதை மறதி என்றே சொல்ல முடியாது. கை பழக்கத்தில் பூட்டியது, மனம் வேறெங்கோ இருந்தது, அதனால் அந்தச் செயல் பதியவே இல்லை. அன்றாட மறதியில் பெரும்பங்கு இந்த முதல் படியில்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு. இதற்கு இரண்டு வழிகள்.

1. செய்யும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பூட்டிட்டேன், இன்னைக்கு வெள்ளி, மழை தூறுது." மனதுக்குள் படித்ததைவிட வாய்விட்டுச் சொன்னது நன்றாக நினைவில் நிற்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாளையும் மழையையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. தினமும் செய்யும் செயலில் இன்றைய பூட்டலும் நேற்றைய பூட்டலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இன்றைக்கு மட்டும் உரிய ஓர் அடையாளம் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

2. சாவி, கண்ணாடி, மொபைல் போன்றவற்றுக்கு ஒரே இடம். இதில் நினைவாற்றலுக்கு வேலையே இல்லை, அதுதான் இதன் நன்மை.

கவனத்தைப் பற்றிப் பேசும்போது நாகர்கோவில் இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் நூறு அவதானம் செய்து காட்டி 'சதாவதானி' என்று பெயர் பெற்றவர். அவதானத்தில் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் மணியடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் முதுகில் சிறு கற்களை எறிவார். எல்லாவற்றையும் தனித்தனியாகக் கவனித்து, கடைசியில் மணி எத்தனை, கல் எத்தனை என்பதுவரை சொல்ல வேண்டும். நீண்ட பயிற்சியில் வந்த திறமை இது. பாடல் வடிவமும் இங்கே துணை நிற்கிறது. எதுகை அடுத்த அடியை இழுத்துவரும், அந்தாதியில் முடிந்த சொல்லே அடுத்த பாட்டைத் தொடங்கிவைக்கும். அச்சு பரவும் முன்பு நம் புலவர்கள் ஆயிரக்கணக்கான பாடல்களை நெஞ்சில் வைத்திருந்ததற்கு யாப்பும் ஒரு காரணம்.

பேருந்துத் தடத்தில் சாமான் பட்டியல்

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டி போடுவார்கள். அதில் கொக்கிகள் எத்தனை அதிகமோ, அத்தனை எளிதாக ஏதாவது ஒன்று வாளியில் மாட்டும். எடுத்தலும் இதே மாதிரிதான். ஒரு செய்திக்கு எத்தனை கொக்கிகள் இருக்கின்றனவோ, அத்தனை எளிதாக அது வெளியே வரும். கொக்கிகளில் மிக வலுவானது இடம்.

இந்த உத்தி பழையது. கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் விருந்து மண்டபத்திலிருந்து வெளியே போன நேரத்தில் கூரை இடிந்து விழுந்ததாம். அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்த உடல்களை, யார் எந்த இடத்தில் அமர்ந்திருந்தார்கள் என்பதை வைத்து அவர் சொன்னார் என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிவைத்திருக்கிறார். நன்கு தெரிந்த ஒரு வழியில் மனதாலேயே நடந்துபோய், ஒவ்வோர் இடத்திலும் நினைவில் வைக்க வேண்டிய ஒரு பொருளை வைப்பதுதான் முறை.

இதற்கென்று மாளிகை எதையும் கற்பனை செய்ய வேண்டாம். வடசேரியில் ஏறி களியக்காவிளைவரை போகும் பேருந்தின் நிறுத்தங்கள் நம் மாவட்டத்தில் பெரும்பாலோருக்கு வரிசை மாறாமல் தெரியும். ஒன்பது வேலைகள் கொண்ட ஒரு பட்டியலை அந்தத் தடத்தில் ஏற்றிப் பார்ப்போம்.

1. வடசேரி: ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெரிய ஏத்தங்குலை உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறது. (ஏத்தங்குலை என்ற நேந்திரன் வாழைத்தார்)

2. பார்வதிபுரம்: மேம்பாலத்திலிருந்து நல்லெண்ணெய் வழிகிறது, கீழே வண்டிகள் வழுக்குகின்றன. (நல்லெண்ணெய்)

3. சுங்கான்கடை: மண்பானைகள் எல்லாம் தும்முகின்றன, உள்ளே மிளகாய் வத்தல். (மிளகாய் வத்தல்)

4. வில்லுக்குறி: ஒருவர் வில்லை வளைத்து அம்புக்குப் பதிலாகக் குடையை எய்கிறார். (குடை ரிப்பேர்)

5. தக்கலை: பேருந்து நிலையத்தை முழுவதும் மூடிய கொசுவலை. (கொசுவலை)

6. அழகியமண்டபம்: அலங்கார விளக்குகள் எரியும் மண்டபத்தில் சட்டென்று கரண்ட் போகிறது. (மின்கட்டணம்)

7. மார்த்தாண்டம்: நீண்ட மேம்பாலத்தை ஒரு தையற்காரர் டேப்பால் அளக்கிறார். (தைக்கக் கொடுத்த துணி)

8. குழித்துறை: ஆற்றில் மாத்திரை அட்டைகள் படகுகளாக மிதந்து போகின்றன. (அம்மாவின் பிரஷர் மாத்திரை)

9. களியக்காவிளை: எல்லையில் வண்டியை நிறுத்தி ஒரு காவலர் ஆதார் கேட்கிறார். (ஆதார் நகல்)

ஒரு முறை மெதுவாக இந்தத் தடத்தில் மனதில் பயணம் செய்து, கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்பதும் வரும். களியக்காவிளையிலிருந்து தொடங்கினால் தலைகீழாகவும் வரும். ஏழாவது என்ன என்று கேட்டாலும் மார்த்தாண்டத்தில் இறங்கிப் பார்த்துச் சொல்லிவிடலாம். படங்கள் கொஞ்சம் கோமாளித்தனமாக இருப்பது வேண்டுமென்றேதான். சாதாரணப் படம் மனதில் ஒட்டாது. பொருளும் இடமும் ஒன்றோடொன்று மோத வேண்டும். தக்கலையில் ஒரு கொசுவலை சும்மா கிடப்பதாக நினைத்தால் அடுத்த நாளே காணாமல் போகும்.

இது ஏன் வேலை செய்கிறது? இடங்களின் வரிசை ஏற்கெனவே நீண்டகால நினைவில் இருக்கிறது. புதிதாகச் சேர்ப்பது ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு படம். ஒன்பதையும் ஒரே நேரத்தில் பிடித்துவைக்கத் தேவையில்லை என்பதால் நான்கு என்ற எல்லை குறுக்கே வருவதில்லை. 2017இல் வெளியான ஒரு ஆய்வில், இதற்கு முன் எந்தப் பயிற்சியும் இல்லாத சாதாரண மனிதர்கள் நாளுக்கு அரை மணி நேரமாக 40 நாட்கள் இந்த முறையைப் பழகினார்கள். 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முதலில் சராசரியாக 26 போல நினைவில் வைத்திருந்தவர்கள், பயிற்சிக்குப் பின் 62ஐ எட்டினார்கள். நினைவாற்றல் போட்டிகளில் வெல்பவர்களை 2003இல் ஆராய்ந்தபோதும், அவர்களுடைய அறிவுத்திறனில் மற்றவர்களைவிட வேறுபாடு தெரியவில்லை. இடத்தோடு இணைத்து நினைவில் வைக்கும் பழக்கம்தான் வேறுபாடாகத் தெரிந்தது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. நடுக்கடலில் அடையாளக் கல் எதுவும் இல்லாத இடத்தில், நீருக்கடியில் இருக்கும் பாறைத் திட்டான பாரைத் தேடிப் போகும் மீனவர், கரையில் தெரியும் தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள மலை முகட்டையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்ப்பார். வேறு திசையில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வலை. இப்படிப் பல இடங்களின் கணக்கை எழுதிவைக்காமலேயே தலைமுறையாகக் காத்துவந்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு இளையவர்களிடம் இந்தப் பார்வை குறைந்துவருவது கவலை தருகிறது. கருவி பழுதானால் அந்த அறிவுதான் ஆளைக் கரைசேர்க்கும்.

எண்களை உடைப்பது

எண்ணை ஏற்கெனவே தெரிந்த துண்டுகளாக உடைக்க வேண்டும். குமரி மாவட்ட அஞ்சல் எண்கள் எல்லாம் 629 என்று தொடங்குபவை. அது தெரிந்தவருக்கு ஆறு இலக்கத்தில் மூன்றுதான் புதியது. ஆதாரின் 12 இலக்கங்கள் நான்கு நான்காக அச்சிடப்பட்டிருப்பதும் வாசிக்க வசதியாகத்தான்.

அர்த்தம் கிடைத்தால் இன்னும் நல்லது. திருவள்ளுவர் சிலை 133 அடி, அதிகாரங்கள் 133 என்பது எல்லோருக்கும் தெரியும். பீடம் 38 அடி, சிலை 95 அடி என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. அறத்துப்பால் 38 அதிகாரம், பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரம், அறத்தின் மேல் மற்றவை நிற்கின்றன என்று ஒருமுறை புரிந்துகொண்டால் அந்த எண்கள் பிறகு மறக்காது. ஏடிஎம் ரகசிய எண்ணுக்கு மட்டும் பிறந்த ஆண்டை வைக்காதீர்கள். உங்களுக்கு எளிது என்றால் திருடுபவருக்கும் எளிது.

பெயர் ஏன் முதலில் போகிறது?

கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்ளே, நான் ஆருன்னு ஓர்மை இருக்கா?" என்று கேட்கும்போது வியர்க்காதவர்கள் குறைவு. முகம் தெரிகிறது, தோவாளையில் பூ வியாபாரம் செய்பவர் என்பதும் தெரிகிறது, பெயர் மட்டும் வரவில்லை.

இதற்கு ஆய்வு சொல்லும் காரணம் தெளிவானது. ஒரே முகத்தைக் காட்டி, சிலரிடம் அவர் தொழில் ரொட்டி சுடுவது என்றும், சிலரிடம் அதே ஆங்கிலச் சொல்லை அவருடைய குடும்பப் பெயராகவும் சொன்னார்கள். தொழிலாகக் கேட்டவர்களுக்கே அது அதிகம் நினைவில் இருந்தது. தொழில் என்றால் கடை, அடுப்பு, மணம், மாவு என்று பல கொக்கிகள். பெயருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே கொக்கியை நாம்தான் செய்ய வேண்டும்.

1. பெயரைக் கேட்டதும் திருப்பிச் சொல்லுங்கள்: "செல்வராஜ் அண்ணனா, சரி."

2. அதே பெயருள்ள தெரிந்த ஒருவரை இவர் பக்கத்தில் மனதில் நிறுத்துங்கள்.

3. விடைபெறும்போது மறுபடி பெயர் சொல்லிப் பேசுங்கள். இந்த மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், உண்மையில் இதுதான் அதிகம் உதவுகிறது. ஏன் என்பது கீழே பிள்ளைகளின் பாடம் பற்றிய பகுதியில் தெரியும்.

இனி செய்ய வேண்டியதை நினைவில் வைப்பது

"எட்டு மணிக்கு மாத்திரை" என்பது பலவீனமான ஏற்பாடு. எட்டு மணியானதை யாரும் வந்து சொல்லப்போவதில்லை. அதைவிட, "ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் மாத்திரை" என்று ஒரு செயலோடு கட்டிவைத்தால் அந்தச் செயலே நினைவூட்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் இதை விரிவாக எழுதினார்: "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள், வெறுமனே செய்ய வேண்டும் என்று நினைத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். மொபைல் அலாரம் வைப்பதும் தவறில்லை. எழுதிவைப்பதும் அலாரம் வைப்பதும் மூளையைச் சோம்பேறியாக்கும் என்று மாத்திரை விஷயத்தில் வீம்பு பிடிக்க வேண்டாம்.

பிள்ளைகளின் பாடம்: படிப்பதைவிட எடுப்பது

மாணவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியதும், வீடுகளில் மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான்.

1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறார் என்று தன்னையே சோதித்தார். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. அப்புறம் மறதியின் வேகம் குறைந்தது. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. ஆகவே முதல் திருப்புதல் அன்றே வேண்டும். அடுத்தவை தள்ளித்தள்ளி வரலாம்: மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து.

திருப்புதல் என்றால் மறுபடி வாசிப்பது அல்ல. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு வேளை வாசித்தது. இன்னொரு குழு ஒரு வேளை வாசித்துவிட்டு, மூன்று வேளை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுவே முந்தியது: 83 சதவீதம், எதிரே 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. வாசித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பழகிய பக்கம் கண்ணுக்கு எளிதாகப் போவதை, தெரிந்துவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பொதுத்தேர்வு அறையில் "படிச்சதுதான், வரமாட்டேங்கு" என்று பிள்ளை தவிப்பதன் காரணம் பலமுறை இதுவே.

நம் மரபுக்கு இது தெரியும். பவணந்தி முனிவரின் நன்னூல் பாடம் பயிலும் முறையைச் சொல்லும்போது, பாடம் போற்றலோடு 'கேட்டவை நினைத்தல்', 'வினாதல்', 'வினாயவை விடுத்தல்' என்பவற்றையும் கடமையாக வைக்கிறது. கேட்டதை மனதில் கொண்டுவருவது, கேள்வி கேட்பது, கேட்டதற்கு விடை சொல்வது ஆகிய மூன்றுமே எடுத்தல் வேலைகள்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவே: பாடத்தை ஒருமுறை புரிந்து வாசிக்கட்டும். புத்தகத்தை மூடிவைத்து வெறுந்தாளில் நினைவுக்கு வந்ததை எழுதட்டும். அப்புறம் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் சேர்க்கட்டும். மறுநாள் காலை அந்த வேறு மை வரிகளை மட்டும் கேளுங்கள். அதிகம் படிக்காத பெற்றோராலும் இதைச் செய்ய முடியும், அந்தத் தாளைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால் போதும். தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிப்பது நட்டம்தான், ஏனென்றால் படித்தது உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பயிற்சிகளால் முடியாதவை

1980இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கல்லூரி மாணவர் 230 மணி நேரத்துக்கு மேல் பழகி, வாசித்துக்காட்டிய 79 இலக்கங்களை வரிசையாகத் திருப்பிச் சொல்லும் நிலைக்கு வந்தார். ஓட்டப்பந்தய வீரரான அவர், எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி நினைவில் வைத்தார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது, பழையபடி ஆறு எழுத்தோடு நின்றுவிட்டது. வளர்ந்தது எண்களுக்கான உத்தி மட்டுமே. மொபைல் விளையாட்டில் புள்ளிகள் ஏறினால் சாவி வைத்த இடம் மறக்காது என்று சொல்லும் விளம்பரத்தை இதை மனதில் வைத்துப் பாருங்கள். வல்லாரைத் துவையல் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். பதியாத செய்தியை அது பதியவைக்காது.

கடைசியாக, பயிற்சிக்கு உரியதல்லாத மறதி. கீழே உள்ளவை தென்பட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

1. பழகிய வழியில் திசை தவறுவது, பணக் கணக்கில் திடீரெனத் தடுமாறுவது, ஒரே கேள்வியைச் சற்று நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது.

2. மறந்தது என்பதே அவருக்குத் தெரியாமல், வீட்டார் மட்டும் கவனிப்பது.

3. ஒரே நாளில் குழப்பம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல். இதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் இரண்டு வகையிலும் எல்லாமே மறதி நோய் அல்ல. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தொடர் தூக்கமின்மை, மதுப்பழக்கம், சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. அவற்றில் சிலவற்றை ஓர் இரத்தப் பரிசோதனையே காட்டிவிடும். பக்கத்து அரசு மருத்துவமனையிலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டப் போகும்போது, மறதி உள்ளவரைத் தனியாக அனுப்பாமல் கூட வசிக்கும் ஒருவர் போக வேண்டும். எப்போது தொடங்கியது, சமீபத்தில் நடந்த மூன்று நான்கு சம்பவங்கள் என்ன, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவருக்கு அங்கிருந்தே விசாரணையைத் தொடங்க முடியும்.